வைப்பர் பாதியில் நின்றதா என்று யாரும் கேட்கவில்லை

மூன்று வார விடுப்பில் வங்கி வேலை, பத்திர வேலை, ஆதார் திருத்தம் எல்லாம் ஒழுங்காக முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது அப்பாவின் கார்.

என்ன கார் என்று சொல்லத் தேவையில்லை. மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், ஒரு காலத்தில் தெருவுக்கு நாலு நின்ற கார். சோக்கை இழுத்து, ஆக்சிலரேட்டரை இரண்டு தரம் மிதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பும் வித்தையைக் கை மறக்கவே இல்லை. அமெரிக்காவில் பட்டனை அமுக்கி அமுக்கி மரத்துப்போன விரலுக்கு அது ஒரு சுகம்.

சுகம் இருபது நிமிடம்தான். பைபாஸில், தூறலில், எழுபதில் போகும்போது இன்ஜின் பட்டென்று நின்றது. இருமல் இல்லை, திணறல் இல்லை, யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி. பின்னால் ஒரு பஸ். இன்ஜின் நின்றபின், பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வாக்குவம் மிச்சமிருக்கும் என்பது நல்லவேளையாக ஞாபகத்துக்கு வந்தது. பிரேக்கைத் தொடாமல், இருந்த வேகத்திலேயே ஓரம் கட்டினேன்.

நான் கேட்காமலே நாலு பேர் ஓடி வந்தார்கள். அங்கே என்றால் கதவைப் பூட்டிக்கொண்டு, டோ டிரக் ஒரு புள்ளியாக போன் திரையில் ஊர்வதைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருப்பேன். இங்கே பத்து நிமிடம் தள்ளினார்கள், பாவம். பிளக்கில் பொறியே வராதபோது எவ்வளவு தள்ளினாலும் இன்ஜின் பிடிக்காது என்பது எனக்கும் அப்போது தோன்றவில்லை. பெட்ரோலில் தண்ணீர் என்றார் ஒருவர், பிளக் பொறிக்கு மின்சாரம் தரும் காயில் சூடாகிவிட்டது என்றார் இன்னொருவர். கால் மணி நேரம் சாவியைத் திருகித் திருகிப் பார்த்ததில், தானாகவே ஸ்டார்ட் ஆனது.

அடுத்த ஒரு வாரம் கண்ணாடி அறை வைத்த ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்போடு போயிற்று. அங்கே போனால் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகும், டாக்டரைப் பார்த்ததும் பல்வலி மறைகிற கதைதான். முதலில் பிளக், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, ரோட்டார், எச்.டி. ஒயர், பெட்ரோல் ஃபில்டர் மாற்றினார்கள். மூன்றாம் நாள் அதே பைபாஸில் நின்றது. அடுத்து காயிலை மாற்றினார்கள். மறுநாளே நின்றது. எதைச் சோதித்துப் பார்த்து இதையெல்லாம் மாற்றினீர்கள் என்று கேட்டால், "எல்லாம் புதுசு போட்டாச்சு சார்" என்பதுதான் பதில். பெட்ரோல் தடைப்பட்டால் கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருப்பது தீரும்வரை வண்டி குலுங்கிக் குலுங்கித்தான் நிற்கும். பட்டென்று நின்றது என்று நான் சொல்லியும் ஃபில்டரை ஏன் மாற்றினார்கள் என்று இன்னும் புரியவில்லை.

நான் மட்டும் என்ன யோக்கியம்? அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் காரின் கம்ப்யூட்டரிடம் கோளாறைக் கேட்கும் ஓபிடி-2 சாக்கெட் கட்டாயம் என்பதால், கோளாறு என்றாலே ஸ்கேனரைச் செருகிக் கோளாறு எண்ணைப் பார்க்கும் பழக்கம். பெட்டியில் எடுத்து வந்திருந்த அந்தக் குட்டி ஸ்கேனரோடு, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து இல்லாத சாக்கெட்டைத் தேடியிருக்கிறேன். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டே நின்றார்.

கடைசியில் அப்பாதான், "அந்தப் பழைய எலக்ட்ரீசியன் இன்னும் இருக்கார்டா" என்றார். தகரக் கொட்டகை. அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை.

"அணைஞ்சதும் டாஷ்போர்டுல சார்ஜ் லைட்டு, ஆயில் லைட்டு ரெண்டும் எரிஞ்சுதா, எரியலையா தம்பி?"

கவனிக்கலையே அண்ணே என்றேன்.

"சரி, மழையா? வைப்பர் ஓடுச்சா?"

ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் உறைத்தது. இன்ஜின் நின்ற அதே நொடியில் வைப்பரும் பாதிக் கண்ணாடியில் நின்றுபோயிருந்தது. அதைச் சொன்னதும் சிரித்தார். "காயில் போனா வைப்பர் ஏன் நிக்கணும்?"

ஒரு வாரமாக ஒருவரும் கேட்காத கேள்வி. காயிலோ, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொறி வர வேண்டிய நேரத்தைச் சொல்லும் பிக்கப்போ போனால் சாவி வழி வரும் கரண்ட் அப்படியே இருக்கும். கிளட்சை மிதித்து இன்ஜின் நின்றதும் சிவப்பு விளக்குகள் எரியும், வைப்பர் ஓடும். எல்லாம் சேர்ந்து செத்தால் கோளாறு அதற்கு முன்னால், சாவி சுவிட்சிலோ அதற்குப் போகும் ஒயரிலோ இருக்கிறது.

ஆனாலும் வாய்ப்பேச்சை நம்பி அவர் எதையும் கழற்றவில்லை. ஒரு 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு நீள ஒயரைக் கட்டினார். ஒன்று காயிலின் பிளஸ் முனைக்கு, மற்றது பாடி எர்த்துக்கு. பானெட் இடுக்கு வழியாகப் பல்பை வெளியே எடுத்து, கண்ணாடியில் என் கண்ணுக்கு நேராக டேப் ஒட்டினார். வண்டி நிற்கும்போது பல்பு எரிந்தால் காயில் பக்கம், அணைந்தால் சாவிப் பக்கம். "நின்னா கியர்ல இருந்து எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

பைபாஸில் போக்கும் வரவும். இந்தத் தடவை சீக்கிரம் நிற்காதா என்று இருந்தது. ஒரு வேகத்தடை தாண்டியதும் பல்பு அணைந்தது, இன்ஜினும் போயிற்று. அவர் பதறாமல் கையை நீட்டி, தொங்கிக்கொண்டிருந்த அப்பாவின் சாவிக்கொத்தை உள்ளங்கையில் ஏந்தி லேசாகத் தூக்கினார். பல்பு எரிந்தது. எரியாமல் சைலன்சரில் சேர்ந்திருந்த பெட்ரோல் டப்பென்று வெடிக்க, உருண்டுகொண்டிருந்த வண்டி தானாக இன்ஜினைப் பிடித்துக்கொண்டது. நான் கத்தியே விட்டேன்.

அந்தக் கொத்தில் வீடு, கேட், பீரோ, மோட்டார் ரூம், பாங்க் லாக்கர், அப்புறம் இடித்து இருபது வருஷமான மாட்டுக்கொட்டகைச் சாவி வரை இருந்தது. அந்த எடை ஆடி ஆடிச் சுவிட்சின் உள் காண்டாக்ட் தேய்ந்திருந்தது. போதாததற்கு, மச்சான் என்றோ மாட்டிய ஃபேனும் மியூசிக் சிஸ்டமும் அதே ஒயரிலிருந்து கரண்ட் இழுத்து, காண்டாக்ட் சூடேறிக் கருகியிருந்தது. ஓடி இருபது நிமிடம் கழித்து நின்றதும், திருகத் திருக மீண்டதும் அதனால்தான். என் பங்குக்கு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் போட்டுவிட்டு அளந்தால் பேட்டரியில் 12.4, காயிலில் 9.7. அரை வோல்ட் குறைந்தாலே சந்தேகப்பட வேண்டிய இடம். அவர் எட்டிப் பார்த்து, "பல்பு சொன்னதைத்தானே இதுவும் சொல்லுது" என்றார்.

சுவிட்சின் பின்பக்கக் காண்டாக்ட் மட்டும் புதிது. ஃபேனையும் மியூசிக் சிஸ்டத்தையும் ஒரு ரிலேக்கு மாற்றினார்; சாவி வழியே சின்னக் கரண்ட் மட்டும் போக, பெரிய கரண்டை அது தனி வழியில் விடும். ரிலேயின் முனை எண்களில் 30-க்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87-இலிருந்து ஃபேன், 86-க்குச் சாவி ஒயர், 85 எர்த். பெரும்பாலான கார் ரிலேக்களில் இதே எண்கள்தான், என் அமெரிக்கக் காரிலும். முக்கால் மணி நேர வேலை. பழைய காயிலை டிக்கியிலிருந்து எடுத்துச் சோதித்து, "நல்லாத்தான் இருக்கு, வச்சுக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்தார். கண்ணாடி அறைக்காரர்கள் மேல் வந்த கோபம் அப்போதுதான் உச்சத்துக்குப் போயிற்று.

கார் சாவியைத் தனியாகப் பிரித்து ஒரு நூலில் கட்டி அப்பாவிடம் கொடுத்தேன். காரணத்தையும் இரண்டு தடவை விளக்கினேன். தலையாட்டினார். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் காலை கொண்டுவிட அவரே வண்டி எடுத்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே மொத்தக் கொத்தும் தொங்கிக்கொண்டிருந்தது, மாட்டுக்கொட்டகைச் சாவியோடு.