மலிவான வயர்லெஸ் மாட்யூல்கள்: முதல் கேள்வி மின்சாரம்தான்

சென்சார் ஒன்றின் அளவீட்டைக் கம்பியில்லாமல் அனுப்ப வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்று தேடுபவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு தூரம் எட்டும்?" என்பதைத்தான். இதற்கான சிறு ரேடியோ பலகைகளான மாட்யூல்களைப் பல ஆண்டுகளாக வீட்டுக்குள்ளும் வெட்டவெளியிலும் ஓடவிட்டுப் பார்த்தபின் நான் கேட்பது வேறு: இதற்கு மின்சாரம் எங்கிருந்து வரப்போகிறது? அதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

சுவர் பிளக்கிலிருந்து மின்சாரம் கிடைக்குமென்றால் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 2014இல் வந்த இ.எஸ்.பி. 8266, இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த இ.எஸ்.பி. 32 ஆகிய இரண்டு வைஃபை சிப்புகளும் இந்தத் துறையையே புரட்டிப்போட்டவை. ரேடியோவும் நிரலை ஓட்டும் செயலியும் ஒரே சிப்பில் இருக்கின்றன. எந்தச் சிக்கலுக்கும் ஏற்கெனவே யாராவது விடை எழுதி வைத்திருக்கிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இவை இணையாது, ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் திறந்திருக்க வேண்டும். அது ஒன்றே நிபந்தனை.

ஆனால் இவற்றின் பசி பெரிது. தரவை அனுப்பும்போது 8266 சுமார் 170 மில்லிஆம்பியர் இழுக்கும் என்கிறது அதன் டேட்டாஷீட், அதாவது தயாரிப்பாளரின் விவரக் குறிப்பு. கண நேர உச்சம் அதையும் தாண்டும். அதனால்தான் தயாரிப்பாளரான எஸ்பிரஸிஃப் நிறுவனமே 500 மில்லிஆம்பியர் தரக்கூடிய சப்ளையைப் பரிந்துரைக்கிறது. கணினியின் யு.எஸ்.பி. வழியாக நிரலேற்றப் பயன்படும் எஃப்.டி. 232 சிப்பின் 3.3 வோல்ட் முனையோ 50 மில்லிஆம்பியருக்கு மேல் தராது. அதில் மாட்யூலை மாட்டினால் விளக்கு எரியும், தொடக்கச் செய்திகளும் ஒழுங்காக வரும். வைஃபையில் இணையப் போகும் அந்த நொடியில் ரீசெட் ஆகிவிடும். பலரும் நிரலில் பிழை தேடி இரவைக் கழிப்பது இங்கேதான். 3.3 வோல்ட் கம்பியில், மின்னழுத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பை வைத்துப் பாருங்கள்: ரேடியோ விழிக்கும்போதெல்லாம் கோடு பள்ளத்தில் விழுந்து எழும். மாட்யூலின் கால்களை ஒட்டி மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டர் வைத்து, மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் தரமான ரெகுலேட்டரும் கொடுத்தால் அந்தப் பள்ளம் மறைந்துவிடும்.

பேட்டரி என்று வந்துவிட்டால் கணக்கே மாறுகிறது. ஏறக்குறைய எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தூங்கும் டீப் ஸ்லீப்பில் 8266 எடுப்பது சுமார் 20 மைக்ரோஆம்பியர். 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில், தூங்கிக்கொண்டே இருந்தால், ஒரு லட்சம் மணி நேரம்; காகிதத்தில் பதினோரு ஆண்டுகளுக்கு மேல். ஆனால் மாட்யூலைப் பொருத்தி விற்கும் மலிவான டெவலப்மெண்ட் போர்டுகளில் பெரும்பாலும் இருப்பது 1117 வகை ரெகுலேட்டர். அது தன் சொந்தச் செலவுக்கே 5 மில்லிஆம்பியர் அளவில் தின்கிறது. அதே பேட்டரி 400 மணி நேரத்தில், அதாவது 17 நாளுக்குள், தீர்ந்துவிடும். சிப் தூங்கினாலும் போர்டு தூங்குவதில்லை. யு.எஸ்.பி. சிப்பும் ஓயாமல் எரியும் சிவப்பு விளக்கும் இதில் சேராத தனிச் செலவு. ஆகவே பேட்டரி வேலைக்கு நான் வெறும் மாட்யூலைத்தான் எடுக்கிறேன். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் பெரும்பாலான நேரம் 3.2 வோல்ட்டை ஒட்டியே நிற்பதால், ரெகுலேட்டர் இல்லாமல் நேராகவே இணைத்துவிடலாம். முழு சார்ஜில் மாட்யூலின் உச்ச வரம்பான 3.6 வோல்ட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிலையான ஐ.பி. முகவரியும், ரவுட்டரின் சேனல் எண்ணும் முன்பே நிரலில் இருந்தால் விழித்திருக்கும் நேரம் கண்கூடாகக் குறையும். டீப் ஸ்லீப்பிலிருந்து எழ, ஜி.பி.ஐ.ஓ. 16 என்று குறித்த முனையை ரீசெட் முனையுடன் இணைக்க மறக்காதீர்கள்.

உண்மையில், வெப்பநிலை போன்ற சில எண்களை மட்டும் அனுப்ப வைஃபை தேவையே இல்லை. வைஃபை அல்லாத எளிய ரேடியோவான என்.ஆர்.எஃப். 24 மாட்யூல் தரவை அனுப்பும்போது எடுப்பது 11.3 மில்லிஆம்பியர், ஓய்வில் ஒரு மைக்ரோஆம்பியருக்கும் குறைவு. ஒரு பொட்டலத்தில் 32 பைட் வரை போகும், அளவீடுகளுக்கு அது தாராளம். இதில் தொல்லை போலிகள்தான். ஒரே பெயர் பொறித்த இரண்டு சிப்புகள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. விநாடிக்கு 250 கிலோபிட் வேகத்திலோ, தரவு கிடைத்ததைத் தானாகவே தெரிவிக்கும் தானியங்கி ஒப்புகையிலோ வேறுபாடு வெளிப்படும். ஒரு திட்டத்துக்குத் தேவையானவற்றை ஒரே தொகுதியிலிருந்து வாங்குவதும், ஒவ்வொன்றின் மின்முனைகளிலும் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைப்பதும் என் வழக்கம்.

லினக்ஸ் ஓடும் சிறு போர்டுகளுக்கு யு.எஸ்.பி. துளையில் செருகும் வைஃபை டாங்கிள் தேடுபவர்கள் உறையில் இருக்கும் மாடல் எண்ணை நம்ப வேண்டாம். அதே பெயரில், அடுத்த பதிப்பில், உள்ளே வேறு சிப் இருக்கும். லினக்ஸின் மையமான கெர்னலிலேயே டிரைவர், அதாவது சிப்பை இயக்கும் மென்பொருள், உள்ள சிப்தான் வேண்டும்: மீடியாடெக் 7601, அதெராஸ் 9271 இரண்டும் அப்படிப்பட்டவை. டிரைவரை நாமே கம்பைல் செய்ய வேண்டிய டாங்கிள், கெர்னல் புதுப்பிக்கப்பட்ட மறுநாளே ஊமையாகிவிடும். எட்டாத இடத்தில் பொருத்திய கருவிக்கு அதைவிடப் பெரிய கேடு கிடையாது.

தூரம்தான் முக்கியம் என்றால், வேகத்தைக் குறைத்து நெடுந்தூரம் எட்டும் லோரா என்ற ரேடியோ முறை இருக்கிறது. எஸ்.எக்ஸ். 1276 சிப் அந்த வேலையைச் செய்யும், ஆனால் பொறுமை வேண்டும்: மிக நீண்ட தூர அமைப்பில், 125 கிலோஹெர்ட்ஸ் பட்டையகலத்தில், இருபது பைட் போய்ச் சேர ஒரு விநாடிக்கு மேலாகும். உங்கள் நாட்டில் அனுமதிக்கப்பட்ட அலைவரிசைக்கான மாட்யூலா என்று பார்த்து வாங்குங்கள். ஆன்டெனாவைத் திருகாமல் ஒருபோதும் தரவை அனுப்பாதீர்கள்; வெளியே போக வழியில்லாத ஆற்றல் திரும்பி வந்து ரேடியோவின் பெருக்கியையே எரித்துவிடக்கூடும்.