கப்படோக்கியா ‘கிரீன் டூர்’: நிலத்தடி நகரம் அருமை, நேரப் பங்கீடு மோசம்

துருக்கியின் கப்படோக்கியாவில் டெரின்குயு நிலத்தடி நகரம், இஹ்லாரா பள்ளத்தாக்கு, செலிமே குகை மடம் மூன்றையும் சேர்த்துக் காட்டும் ஒருநாள் பயணத்தை கோரெமே ஊரின் முகவர்கள் ‘கிரீன் டூர்’ என்ற பெயரில் விற்கிறார்கள். இவை ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதால், சொந்தமாக வண்டி ஓட்டாதவர்களுக்கு இந்தப் பயணத்தையே பரிந்துரைப்பேன். எந்த முகவரிடம் பணம் கட்டுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

டெரின்குயுவில் வழிகாட்டி இல்லாவிட்டால் கண்ணில் படுவதெல்லாம் ஒன்றுபோலத் தோன்றும் வெற்று அறைகளே. எரிமலைச் சாம்பல் இறுகி உருவான மென்பாறையைச் சுமார் 85 மீட்டர் ஆழம்வரை அடுக்கடுக்காகக் குடைந்த இந்நகரம், 1963-இல்தான் மீண்டும் வெளியுலகின் பார்வைக்கு வந்தது. கால்நடைகளைக் குறுகிய வழிகளில் இறக்க முடியாது என்பதால் தொழுவங்கள் மேல்தளத்திலேயே இருக்கின்றன. அடியில் சிலுவை வடிவத் தேவாலயம் ஒன்று உள்ளது. எங்கள் வழிகாட்டி நிதானமாக நிறுத்திக் காட்டியது வழியடைப்புக் கல்லை. திருகைக்கல் போல நடுவே துளையிட்ட அந்தப் பெரிய வட்டக்கல்லை உள்ளிருந்து மட்டுமே உருட்டி வழியை அடைக்க முடியும் என்பது, அதன் பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. முதுகை வளைத்து ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்க வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களும், அடைபட்ட இடங்களில் மூச்சுத் திணறுபவர்களும் மேலேயே இருந்துவிடுவது நல்லது.

இஹ்லாராவில் ஏறத்தாழ 400 படிகள் இறங்கினால் மெலெந்திஸ் ஆறு. சுமார் 14 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கில் பெலிசிர்மா கிராமம் வரையிலான சிறு பகுதியை மட்டுமே நடக்க வைக்கிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் படிகளின் அடியிலுள்ள அகாச்சால்டி தேவாலயத்தின் சுவரோவியங்களுக்குச் சில நிமிடங்களே ஒதுக்கியதும், செலிமேயில் புகைக்கரி படிந்த பழைய சமையலறையைக்கூட நின்று பார்க்க விடாமல் விரட்டியதும், மிச்சம்பிடித்த நேரத்தை ஓனிக்ஸ் கற்கடையிலும் இனிப்புக் கடையிலும் செலவழித்ததும் எரிச்சலூட்டின. மதிய உணவு ஆற்றங்கரையில். சைவம் என்று முன்பே சொல்லி வைத்ததால் காய்கறிக் குழம்பும் சோறும் கிடைத்தன.

பாறையில் குடைந்த தேவாலயங்கள் நிறைந்த கோரெமே திறந்தவெளி அருங்காட்சியகம் இந்தப் பயணத்தில் சேராது. அதற்கு வழிகாட்டியும் தேவையில்லை, காலையில் கூட்டம் சேருமுன் தனியாகப் போகலாம். அங்குள்ள ‘கரன்லிக் கிலிசே’ என்ற இருண்ட தேவாலயத்துக்குத் தனிச்சீட்டு என்றதும் பலர் தயங்குகிறார்கள், வெளிச்சம் மிகக் குறைவாகவே நுழைந்ததால் நிறம் மங்காமல் தப்பிய அந்த ஓவியங்களுக்காக அந்தத் தொகையைத் தாராளமாகக் கொடுக்கலாம். நுழைவாயிலுக்கு வெளியே, சற்றுத் தள்ளி இருக்கும் ‘தோகாலி’ தேவாலயத்தைப் பார்க்க அருங்காட்சியகச் சீட்டே போதும் என்பதால், திரும்பும்போது அதைக் கையிலேயே வைத்திருங்கள்.

கிரீன் டூருக்கு முன்பணம் கட்டுமுன் நுழைவுக் கட்டணங்கள் சேர்த்தியா, எத்தனை கடைகளில் நிறுத்துவார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைகளே இல்லாத பயணத்தைச் சற்றுக் கூடுதல் விலைக்கு விற்பவர்களும் அதே தெருவில் இருக்கிறார்கள்.