அக்காவின் கொப்பியும் குரோனர் விலையும்

இந்த முறை நோர்வேயின் பேர்கனிலிருந்து கொழும்புக்குப் போனது கலியாணத்துக்கோ கோயிலுக்கோ இல்லை. அம்மாவைப் பார்க்க வேண்டும், வீட்டுக் கணக்கு ஒன்றைத் தீர்க்க வேண்டும், அவ்வளவுதான். அம்மா வெள்ளவத்தையில் அக்காவோடு இருக்கிறா. மருந்து, பிளாட் வாடகை, பார்க்க வருகிற பிள்ளையின் சம்பளம் எல்லாவற்றையும் நானும் லண்டனில் இருக்கிற தம்பியும் பங்கு போடுகிறோம். வரவும் செலவும் அக்காவின் கொப்பியில். 2020 மார்ச்சில் நான் அனுப்பிய 20,000 நோர்வே குரோனருக்கு 3,28,400 ரூபா என்றும், 2022 மேயில் அதே 20,000த்துக்கு 7,21,000 ரூபா என்றும் அதில் இருக்கிறது. "முதல் காசில மிச்சம் எங்க போனது?" என்று தம்பி கேட்டுவிட்டான். அன்றிலிருந்து அக்கா அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் இரவில் அம்மாவை எழுப்பி மருந்து கொடுக்கிறவ அவ. எனக்கு அது பொறுக்கவில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதுமே பிரச்சினை விளங்கியது. முதல் கவுண்டரின் பலகையில் டொலர், பவுண்ஸ், யூரோ, ரியால் எல்லாம் ஓடின, குரோனர் இல்லை. இரண்டு கவுண்டர் தள்ளி இருந்தது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி டொலரை விடப் பெரிதாக இருந்ததால் செலவுக்கு மட்டும் கொஞ்சம் மாற்றினேன்.

அடுத்த நாள் காலி வீதியில் ஒரு வங்கிக் கிளை. நானும் அக்காவும் முக்கால் மணித்தியாலம் நம்பரோடு இருந்தோம். நான் அனுப்பிய நாட்களில் குரோனர் என்ன விலை என்று கேட்டதும், "இன்றைய விலைதான் இருக்கு" என்று அடுத்த நம்பரை அழுத்திவிட்டார்கள். எங்கே போய்க் கேட்கலாம் என்றாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கோட்டையில் அக்காவின் கணக்கு இருக்கிற கிளையில் கதை வேறு. அங்கிருந்த இளம் அலுவலர் ஒருவர் அக்காவிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி, கட்டணம் எடுத்து, 2020, 2022 கணக்குக் கூற்றுகளை இரண்டு நாளில் எடுத்து வைப்பதாகச் சொன்னார். பிறகு ஒரு தாளை எடுத்து எங்களுக்கு விளங்கப்படுத்தினார். "மிஸ், குரோனருக்கும் ரூபாவுக்கும் தனிச் சந்தை என்று பெரிதா ஒண்டும் இல்லை. டொலர்தான் நடுவில நிக்குது. அந்த நாளில ஒரு டொலர் எத்தினை ரூபா என்று இலங்கை மத்திய வங்கியின் தளத்தில எடுங்கோ. எத்தினை குரோனர் என்று நோர்வே மத்திய வங்கியில எடுங்கோ. முதலாவதை ரெண்டாவதால பிரியுங்கோ." கிடைப்பது நடுவிலை. வங்கி அதற்குக் கொஞ்சம் கீழேதான் வாங்கும், அனுப்புகிற கூலியும் கழியும்.

அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் இருந்து பிரித்துப் பார்த்தோம். 2008 நடுப்பகுதியில் டொலருக்கு ஏறத்தாழ 5 குரோனர், 108 ரூபா. ஒரு குரோனர் 21 ரூபாவுக்குக் கொஞ்சம் மேல். 2014 நடுப்பகுதியில் டொலருக்கு 6 குரோனரும் 130 ரூபாவும். அப்போதும் 21தான்! ஆறு வருடத்தில் ரூபா டொலரிடம் இறங்கியிருக்கிறது, குரோனரும் அதே அளவுக்கு இறங்கியிருக்கிறது. அந்த ஆண்டுகளில் விலை அசையவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததன் காரணம் இதுதான்.

2020 ஜனவரியில் குரோனர் 20 ரூபாவுக்கு மேல். மார்ச்சில் கொரோனாப் பயமும் எண்ணெய் விலை வீழ்ச்சியும் ஒன்றாக வர, எண்ணெய் விற்கிற நோர்வேயின் காசு விழுந்தது. டொலருக்கு 11 குரோனரையும் தாண்டியது. சந்தையில் இறங்கத் தயார் என்று நோர்வே மத்திய வங்கி மார்ச் 19 அன்று அறிவிக்க வேண்டி வந்தது. டொலர் அப்போது 188 ரூபா அளவில். ஒரு குரோனர் 17 ரூபா கூட வரவில்லை. நான் காசு அனுப்பியது சரியாக அந்தக் கிழமை. கொழும்பில் மார்ச் 20 மாலை ஊரடங்கு போட்டிருந்தார்கள். அக்கா வெளியே போய்க் கேட்கவும் வழியில்லை, கணக்கில் விழுந்ததை அப்படியே எழுதி வைத்திருக்கிறா.

2022இல் மறுபக்கம். 200 ரூபா அளவில் பிடித்து வைத்திருந்த டொலர் விலையை இலங்கை மத்திய வங்கி மார்ச் 7 அன்று தளர்த்தியது. மே மாதம் 360. குரோனர் 37 ரூபா. பாணுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் சனம் வரிசையில் நின்ற நாட்களில் எங்கள் காசு இரண்டு மடங்காகத் தெரிந்தது. பொருள் விலையும் கூடவே ஏறியதை அக்காவின் செலவுப் பக்கம் காட்டியது. 2024 முடிவில் குரோனர் திரும்ப 26க்கு வந்துவிட்டது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2022 தொடக்கத்துக்கு மத்திய வங்கித் தளத்தில் கிடைக்கிற விலை எல்லாருடைய கைக்கும் வந்த விலை அல்ல. வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் காசு அனுப்புகிற உண்டியலில் அதைவிட மேலே ஓடியது. அந்த மாதங்களின் கணக்குப் பார்ப்பவர்கள் காசு எந்த வழியாக வந்தது என்று முதலில் கேளுங்கள். வங்கிப் பற்றுச்சீட்டை எறியாதீர்கள்.

அம்மாவின் பிஸ்கட் டின்னில் நான் எப்போதோ கொடுத்த பழைய 500 குரோனர் தாள்கள் மூன்று இருந்தன, சிக்ரிட் உண்ட்செட்டின் முகம் போட்டவை. காசு மாற்றுகிற கடையில் எடுக்கவில்லை. 2019 ஒக்டோபரோடு அவை செல்லாமல் போய்விட்டன. நோர்வே மத்திய வங்கி 2029 ஒக்டோபர் வரை மாற்றித் தரும் என்பதால் கையோடு கொண்டுவந்தேன்.

வெள்ளிக்கிழமை கூற்று கிடைத்தது. இரண்டு தொகையும் கொப்பியில் இருந்த அதே தொகைதான், சதம் பிசகவில்லை. படம் எடுத்துக் கணக்கோடு தம்பிக்கு அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் போன் வந்தது, எனக்கு அல்ல, அக்காவுக்கு. அவ அதை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனா. நான் அம்மாவின் எட்டு மணி மருந்தைக் கொடுத்து முடித்த பிறகும் அவ உள்ளே வரவில்லை.