விவாகரத்துப் படங்கள் மூன்று: கேமரா யார் பக்கம்?

கணவனும் மனைவியும் பிரிகிறார்கள், நடுவில் ஒரு பிள்ளை. இந்த ஒற்றை வரியை வைத்து எடுக்கப்பட்ட மூன்று படங்களை அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்தேன்: ராபர்ட் பென்டனின் ‘கிராமர் வெர்சஸ் கிராமர்’ (1979), அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘எ செபரேஷன்’ (2011), நோவா பாம்பாக்கின் ‘மேரேஜ் ஸ்டோரி’ (2019). முடிவுகளைத் தொடாமல் இவற்றை ஒப்பிட வழியில்லை. பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

‘கிராமர்’ அப்பட்டமாக அப்பாவின் படம். தொடங்கிய சில நிமிடங்களிலேயே மனைவி ஜோவன்னா வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். அவள் திரும்புவதற்குள் கணவனாக வரும் டஸ்டின் ஹாஃப்மன் சமையலில் தடுமாறி, அடிபட்ட மகனைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடி, நம்மை முழுதாக வளைத்துப் போட்டுவிடுகிறார். வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்போது நாம் ஏற்கெனவே தீர்ப்பு எழுதி முடித்திருக்கிறோம். சாட்சிக் கூண்டில் ஜோவன்னா பேசும் வசனத்தை அந்த வேடத்தில் நடித்த மெரில் ஸ்ட்ரீப்பே திருத்தி எழுதினார். அந்தப் பாத்திரத்துக்குக் கிடைக்கும் நியாயத்தில் பெரும்பங்கு அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது. இத்தனை ஓரவஞ்சனைக்குப் பிறகும், முதல் நாள் காலையில் அலங்கோலமாகும் பிரெஞ்சு டோஸ்ட்டைக் கடைசி நாளில் அப்பாவும் மகனும் பேச்சில்லாமல் செய்து முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது.

‘மேரேஜ் ஸ்டோரி’ இருவருக்கும் சமபங்கு தருவதாகச் சொல்லிக்கொண்டே தொடங்குகிறது. ஆனால் பாட்டு, கையைக் கிழித்துக்கொள்ளும் காட்சி, முடிவு எல்லாம் கணவன் சார்லிக்கே போகின்றன. எல்லோரும் கொண்டாடும் அந்த நீண்ட சண்டை எனக்கு ஒட்டவில்லை. ஆடம் டிரைவரும் ஸ்கார்லெட் ஜொஹான்சனும் உச்சத்தில் நடிக்கிறார்கள், நடிப்பது தெரிகிறது. (பாத்திரங்கள் இரண்டும் நாடகக்காரர்கள், அப்படித்தான் கத்துவார்கள் என்று நண்பர்கள் வாதாடுகிறார்கள். இருக்கட்டும்.) எனக்குப் பிடித்தது வேறு இடம். வழக்கறிஞர்கள் பேரம் நடுவே மதிய உணவு ஆர்டர் செய்கிறார்கள். மெனுவைப் பார்த்துச் சார்லி திணற, அவனுக்கு வேண்டியதை மனைவி நிக்கோலே சொல்லிவிடுகிறாள். இத்தனை வருடக் குடித்தனம் ஒரு சாலட்டில் வந்துவிடுகிறது. நிக்கோலின் வழக்கறிஞராக நடித்து ஆஸ்கர் வாங்கிய லாரா டெர்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

‘செபரேஷன்’ முதல் காட்சியிலேயே நம்மை நீதிபதியின் இருக்கையில் உட்கார வைக்கிறது. மனைவி சிமினும் கணவன் நாதரும் கேமராவைப் பார்த்து முறையிடுகிறார்கள். நீதிபதியின் குரல் மட்டும் கேட்கிறது. மகளுக்காக ஈரானை விட்டுப் போக வேண்டும் என்கிறாள் அவள். அல்சைமர் வந்த அப்பாவை விட்டு வரமாட்டேன் என்கிறான் அவன். இரண்டுமே சரி. அதற்குப் பிறகு ஃபர்ஹாதி செய்வதுதான் மற்ற இருவரும் நினைத்துக்கூடப் பார்க்காதது: பிரிவின் விலையை மூன்றாவது ஆள் தலையில் கட்டுகிறார். சிமின் போனதால்தான் முதியவரைப் பார்த்துக்கொள்ள ராசியே என்ற கர்ப்பிணி வருகிறாள். அந்நிய ஆணின் உடை மாற்றினால் பாவமாகுமா என்று தொலைபேசியில் மார்க்க விளக்கம் கேட்கிற அளவுக்கு நம்பிக்கையும், அந்த வேலையை விடமுடியாத அளவுக்கு வறுமையும் அவளுக்கு. கரு கலைந்ததும் விவாகரத்து வழக்கு பின்னே போய் நாதர் மேல் கொலைப் புகார் முன்னே வருகிறது. இதில் ஆளாளுக்கு ஒரு சின்னப் பொய், ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயமான காரணம்.

பிள்ளைகள் விஷயத்திலும் இதே தூரம். மற்ற இரண்டிலும் மகன் யாரிடம் இருப்பான் என்பதே கேள்வி. இங்கே மகள் தெர்மே, அப்பா பொய் சொன்னது தெரிந்த பிறகும் அவரைக் காப்பாற்ற நீதிபதியிடம் தானும் பொய் சொல்கிறாள். ஹாஃப்மன் கலங்க வைத்ததைவிட அந்தக் காட்சி அதிக நேரம் மனதை அரித்தது. யாருடன் இருப்பாள் என்பதைக்கூடச் சொல்லாமல் படம் முடிவதில் எனக்குக் கொஞ்சமும் குறையில்லை.

ஒரு படத்துக்குத்தான் நேரம் என்றால் ‘செபரேஷன்’. மூன்றையும் பார்ப்பதென்றால் ‘கிராமரை’ முதலில் முடித்துவிடுங்கள். ஃபர்ஹாதிக்குப் பிறகு அதைப் பார்த்தால், ஜோவன்னா தரப்பு எங்கே என்ற கேள்வி ஹாஃப்மனை ரசிக்க விடாது.