‘ட’ வடிவ பாசேஜில் மரத்தரை: பலகையை எந்தப் பக்கம் ஓட்டுவது?

எங்கள் சென்னை ஃப்ளாட்டில் ஹாலிலிருந்து நேராக 18 அடிக்கு ஒரு பாசேஜ் போகும். கோடியில் வலப்பக்கம் திரும்பி இன்னும் 7 அடி, பிறகு படுக்கையறைகள். அகலம் மூன்றரை அடிதான். பழைய டைல்ஸ் மேலேயே 8 மி.மீ. லேமினேட் பலகை போட முடிவானதும், பெட்டியைப் பிரித்து நாலைந்து பலகையை வெறுமனே பரப்பி, வாசலில் நின்று பார்த்தோம்.

முதலில் குறுக்காக. இப்படிப் போட்டால் ஒடுக்கமான இடம் அகலமாகத் தெரியும் என்பார்கள், அது ஓரளவு உண்மைதான். ஆனால் எங்கள் பலகையின் நீளம் 1215 மி.மீ. பலகை விரிவதற்கு இரு சுவரோரமும் 10 மி.மீ. விட்டால் தேவைப்படுவது 1047. ஒவ்வொரு பலகையிலும் 168 மி.மீ. துண்டு விழும், அதை வேறு எங்கும் செருக முடியாது. 18 அடிக்கு 28 வரிசை. ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு சேதாரம். பார்வைக்கும் ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி இருந்தது.

சாய்வாகப் போடுவது பெரிய ஹாலுக்கு அழகு. இந்த அகலத்தில் ஒவ்வொரு வரிசையையும் இரு முனையிலும் 45 டிகிரியில் வெட்ட வேண்டும். வேண்டாம்.

‘ட’வின் இரண்டு கையிலும், அதாவது 18 அடிப் பகுதியிலும் 7 அடிப் பகுதியிலும், நீளவாக்கில் ஓட்டி, மூலையில் சாய்வாகச் சேர்ப்பதுதான் படத்தில் பார்க்க ஆசையைத் தூண்டும். சிக்கல் அந்த மூலைக்கோட்டில் இருக்கிறது. அங்கே பலகையின் லாக் (பலகைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் விளிம்பு) வெட்டுப்பட்டுப் போகும், பசையை நம்பித்தான் நிற்க வேண்டும். என் சித்தி வீட்டில் இப்படிச் செய்தார்கள். ஒரு கோடை முழுக்க ஏசி ஓடிய பிறகு, அந்தக் கோட்டில் தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி. பெருக்கும் தூசியெல்லாம் அதில் போய் அடைகிறது. பசைக்குப் பதில் மூலையில் ‘டி’ பட்டி, அதாவது இரு பக்க இடைவெளியையும் மூடும் T வடிவப் பட்டி, வைக்கலாம். பலகை நகர இடம் கிடைக்கும், விரிசல் வராது. ஆனால் திரும்புகிற இடத்திலேயே ஒரு மேடு. அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறார். அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

கடைசியில், நீண்ட கையின் போக்கிலேயே எல்லாப் பலகையையும் ஓட்டினோம். குட்டிக் கையில் சுமார் 11 வரிசை குறுக்காகத்தான் விழுகிறது. பரவாயில்லை, வாசலில் நிற்பவர் கண்ணுக்கு அது படாது. ஹால் பால்கனி வெளிச்சமும் பாசேஜின் நீளவாக்கில் விழுவதால் இணைப்புகளின் நிழல் எழும்பவில்லை. இரண்டு கையும் ஏறத்தாழ ஒரே நீளம், வீட்டில் தடுமாறி நடப்பவர் இல்லை என்றால், நான் ‘டி’ பட்டிக்கே போவேன்.

அப்புறம், இந்த முறையில் சுவரை அளக்காமல் இறங்காதீர்கள். எங்கள் பாசேஜ் ஒரு கோடியில் 3 அடி 6 அங்குலம், மறுகோடியில் 3 அடி 5. ஒரு சுவரோரம் முழுப் பலகையாக ஆரம்பித்திருந்தால் ஐந்து வரிசைக்குப் பிறகு 72 மி.மீ.யில் தொடங்கி 47 ஆகச் சூம்பும் ஒரு கீற்று மிஞ்சும். கோணல் பளிச்சென்று தெரியும். ஆசாரி நடுவில் நூல் கட்டி, நாலு முழு வரிசையை அதற்கு நேராக வைத்து, மிச்சத்தை இரண்டு ஓரத்துக்கும் சமமாகப் பிரித்தார். 133 மி.மீ. மெல்ல 121 ஆகிறது. சுவரடியில் ஸ்கர்ட்டிங் பட்டி அடித்த பிறகு எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.