ரயில் ரோட்டு தடி மில்லில் அயனி அறுத்த கதை

கன்னியாகுமரி மாவட்டத்தில் பள்ளியாடிப் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி இருக்கும், தடி, அதாவது வெட்டிய மரம் அறுக்கிற அந்தச் சின்ன மில்லுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. 'தடி அறுக்கிற இடம் எங்க?' என்று கேட்டால் யாரும் கைகாட்டிவிடுவார்கள். எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், நின்ற அயனியை (பலா இனத்து மரம்) வெட்டி, கதவும் ஜன்னலும் செய்யலாம் என்று அங்கே கொண்டுபோனேன்.

நடத்துகிறவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு 1979-இல் ரயில் வந்தது. அதன் பிறகுதான் அவருடைய அப்பா இங்கே மில் போட்டாராம். அதற்கு முன்னால் குழி தோண்டி, மேலே ஒருத்தர் கீழே ஒருத்தர் நின்று இழுக்கிற கைவாள்தான். 'ரயில்ல தடி வந்து குவியும்னு அப்பாவுக்கு நெனப்பு. இன்னைக்கு வரைக்கும் ஒரு தடி ரயில்ல வரல்ல' என்று சிரித்தார். எல்லாம் லாரியிலும் டெம்போவிலும்தான். மில் வாளை ஓட்டிய டீசல் எஞ்சின் போய் மோட்டார் வந்திருக்கிறது. எஞ்சினைப் பூட்டியிருந்த சிமென்ட் மேடையில் இப்போது டீ கிளாஸ் இருக்கிறது.

அளவு விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. நடுவில் நூல் பிடித்துச் சுற்றளவு எடுத்தார்: 48 இஞ்ச். அதில் கால் பங்கு 12 இஞ்ச், அதாவது ஒரு அடி. ஒன்றை ஒன்றால் பெருக்கி, நீளம் 8 அடியால் பெருக்கினால் 8 கன அடி. அதற்குத்தான் அறுப்புக் கூலி. வீட்டுக்கு வந்து உருளைக் கணக்கு போட்டுப் பார்த்தேன், 10 கன அடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. இந்தக் கால் சுற்றளவுக் கணக்கில் நூற்றுக்கு இருபத்தொன்று குறையுமாம். கூலி கொடுக்கிற எனக்கு அது லாபம்தான். ஆனால் நின்ற மரத்தை இதே கணக்கில் விற்றால் நஷ்டம் நமக்கு, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வாளில் ஏற்றும் முன் கேட்டார்: 'இதுல ஆணி எதும் கெடக்கா மக்களே?' இல்லை என்றேன். மூன்றாவது பலகையில் வாள் கிறீச்சென்று கத்தியது. துணி காயப்போட அப்பா எப்போதோ அடித்த ஆணி. மரம் அதை விழுங்கி, மேலே தடயமே இல்லாமல் மூடியிருந்தது. சுற்றிலும் ஒரு சாண் நீளத்துக்குப் பலகை கறுத்துப்போயிருந்தது. வாள் பல்லைத் தீட்ட 300 ரூபாய் தனியாக வாங்கினார். சரி, தப்பு என்னுடையது.

குறை ஒன்று உண்டு. ஒன்றே கால் இஞ்ச் சொன்ன பலகைகளில் இரண்டு, ஒரு முனையில் ஒரு இஞ்ச்தான் இருந்தன. ரயில் போகும்போது வேலையாள் தலையைத் திருப்பிப் பார்க்கிறார், எனக்கு அதுதான் காரணமாகத் தோன்றுகிறது. கேட்டதற்கு இரண்டுக்கும் கூலி கழித்துவிட்டார். மரத்தூள் ஒரு சாக்கு சும்மா தந்தார், அம்மாவின் மரத்தூள் அடுப்புக்கு ஆச்சு.

பலகைகள் இப்போது தொழுவத்தில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கிக் காய்கின்றன. ஆடி கழியட்டும் என்கிறார் ஆசாரி.