பாயும் நாய்க்குப் பாயா, தடுப்பா, ‘சிட்’டா?

பெங்களூரு அடுக்ககம் ஒன்றில் ஒரு நாளைக்கு எத்தனை முறை காலிங் பெல் அடிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். காலையில் வேலைக்கு வரும் அக்கா, பகலில் மூன்று நான்கு டெலிவரி, மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், வார இறுதியில் சேலத்திலிருந்து வந்து இறங்கும் பாட்டி. எட்டு மாத லேப்ரடாருக்கு இவர்கள் எல்லோரும் ஒன்றுதான்: ஓடு, தாவு, முகத்தை நக்கு. ஆனால் 15 விநாடியில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறவரும், புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் தயங்கி நிற்கும் 70 வயதுப் பாட்டியும் ஒரே பயிற்சிக்குள் அடங்க மாட்டார்கள்.

தாவும் நாயை அடக்க ‘எது சிறந்த முறை?’ என்ற கேள்வி இதனால்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. வந்தவரிடம் ஒரு முறை எவ்வளவு ஒத்துழைப்பைக் கேட்கிறது என்று பார்த்தால் குழப்பம் பெருமளவு தெளியும். விருந்தாளியை நாம் பழக்க முடியாது. நாயைத்தான் பழக்க முடியும்.

முறைகளுக்குள் போவதற்கு முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: அது உற்சாகம்தானா? உடல் முழுவதும் நெளிந்து, வால் இடுப்போடு சேர்ந்து ஆடி, காது தளர்ந்து இருந்தால் உற்சாகம். உடல் விறைத்து, வாய் இறுக மூடி, குரைத்துக்கொண்டே பின்வாங்கினாலோ உறுமினாலோ அது பயம். பயந்த நாயை விருந்தாளியின் பக்கம் கொண்டுபோகும் எந்தப் பயிற்சியும் கடியில் முடியலாம். அதற்குத் தனி அறை, பிறகு நடத்தை தெரிந்த கால்நடை மருத்துவர். இங்கே பேசுவது முதல் வகை நாயைப் பற்றி மட்டும்.

அந்த நாய் ஏன் தாவுகிறது? குட்டிகள் பெரிய நாயின் வாயோரத்தை நக்கித்தான் வரவேற்கும். மனித வாய் ஐந்தடி உயரத்தில் இருப்பதால் தாவ வேண்டியிருக்கிறது. தாவினால் மூன்று பரிசு கிடைக்கிறது: பார்வை, பேச்சு, தொடுகை. “ஏய், இறங்கு!” என்று கத்தி நெஞ்சில் கை வைத்துத் தள்ளும்போது இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடுகிறோம்.

முதுகைத் திருப்புவது

பலரும் முதலில் சொல்லும் யோசனை இது. தாவினால் முதுகைக் காட்டி, பேசாமல், பார்க்காமல் நிற்பது. நான்கு காலும் தரையில் பட்டதும் திரும்பிக் கொஞ்சுவது. கொள்கை சரிதான். பரிசு நின்றுபோனால் செயலும் குறையும். ஆனால் குறைவதற்கு முன்பு கூடும்: வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காதபோது நாய் முன்னைவிட உயரமாகத் தாவும், குரைக்கும், சட்டையைக் கவ்வும். அந்த உச்சத்தில் ஒருவர் சிரித்துத் தட்டிக்கொடுத்துவிட்டால், இன்னும் பலமாகத் தாவினால் பலன் உண்டு என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். பத்து விருந்தாளியில் ஒருவர் “பரவாயில்லைங்க, எனக்கு நாய்ன்னா உயிர்” என்று குனிந்தால் போதும். எப்போதாவது கிடைக்கும் பரிசு, எப்போதும் கிடைக்கும் பரிசைவிடப் பழக்கத்தை ஆழமாக ஊன்றும்.

மொத்தப் பாரத்தையும் வந்தவர் தோளில் ஏற்றும் முறை இது. 30 கிலோ நாய்க்கு முதுகைக் காட்டும் முதியவர் கீழே விழக்கூடும். வீட்டில் இருப்பவர்கள் தங்களுக்குள் கடைப்பிடிக்கலாம். விருந்தாளியிடம் கேட்கக் கூடாது.

‘சிட்’ சொல்லி வரவேற்பது

உட்கார்ந்திருக்கும் நாய் தாவ முடியாது என்பது இதன் பலம். ஒருவர் நாயோடு நிற்க, இன்னொருவர் 3 மீட்டர் தொலைவிலிருந்து நடந்து வருவார். பின்புறம் தரையை விட்டு எழுந்தால் வருபவர் இரண்டடி பின்வாங்குவார், அமர்ந்தால் மறுபடி நெருங்குவார். நாய் அமர்ந்தபடியே இருக்க அவர் வந்து மார்பில் இரண்டு விநாடி தடவிவிட்டு விலகுவார். தலையில் தட்டினால் துள்ளி எழும். ஒரு தடவைக்கு ஐந்தாறு வருகை போதும்.

தடுமாறுவது எங்கே என்றால், உற்சாகத்தின் உச்சியில் இருக்கும் நாய்க்கு உட்காருவது மிகவும் கடினம். விட்ரிஃபைட் டைல்ஸ் தரையில் பின்னங்கால் வழுக்குவதும் சேர்ந்துகொள்ளும். கீழே ரப்பர் ஒட்டிய மிதியடி விரித்தவுடன் ‘அடங்காத’ நாய்கள் பல அடங்கியிருக்கின்றன. இடுப்பு மூட்டுத் தொந்தரவு லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களில் அதிகம்; உட்கார மறுப்பது வலியாகவும் இருக்கலாம். சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற ஒல்லியான வேட்டை நாய்கள் கடினமான தரையில் உட்கார அவ்வளவாக விரும்புவதில்லை. அவற்றிடம் நான்கு காலும் தரையில் இருந்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரு வீடுகளுக்கே உரிய இன்னொரு சிக்கல் மொழி. அம்மா “உட்காரு” என்கிறார், வேலைக்கு வரும் அக்கா கன்னடத்தில் “கூத்கோ” என்கிறார், பிள்ளைகள் “சிட்” என்கிறார்கள். நாய்க்கு இவை மூன்று வெவ்வேறு ஓசைகள். எல்லோர் வாயிலும் இயல்பாக வரும் ஒன்றை, பெரும்பாலும் ‘சிட்’டை, வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். உள்ளங்கையை மேல்நோக்கி உயர்த்தும் சைகையையும் சேர்த்துப் பழக்கினால் மொழிச் சண்டையே இல்லை.

தெரிந்தவர்கள் வரும்போது இது அழகான முறை. முன்பின் தெரியாதவர் வாசலில் நிற்கையில் இதை மட்டும் நம்புவது சரிவராது.

பாய்: காலிங் பெல் அடித்தால் போய்ப் படுக்கும் இடம்

வந்தவர் எதுவும் செய்ய வேண்டாம், எதுவும் தெரிந்திருக்கவும் வேண்டாம். என் தேர்வில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது நிற்பதற்குக் காரணம் அதுதான். கதவிலிருந்து 2 முதல் 3 மீட்டர் தள்ளி, நடைபாதையை மறிக்காமல், வாசல் கண்ணில் படும் இடத்தில் வழுக்காத பாய் ஒன்று. கோரைப்பாய் டைல்ஸில் நகரும். அடியில் ரப்பர் வலை போடுங்கள். பயிற்சி நேரம் தவிர மற்ற வேளையில் சுருட்டி வைத்தால் பாயின் மதிப்பு கூடும்.

முதல் மூன்று நாள் கதவைப் பற்றிய பேச்சே வேண்டாம். பட்டாணி அளவுக்கு வெட்டிய வேகவைத்த கோழி, சைவ வீடானால் பனீர், 15 துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நாய் பாயில் கால் வைத்ததும் ஒரு துண்டு பாயின் மேலேயே விழ வேண்டும். கையிலிருந்து கொடுத்தால் நாய் கையைத் தேடி எழுந்து வரும். பாயில் விழுந்தால் பாயைத் தேடும். தானாகப் படுக்கத் தொடங்கியதும் இடைவெளியை நீட்டுங்கள்: 3 விநாடி, 5, 10, 20, இடையில் மறுபடி 5. ஏறிக்கொண்டே போனால் நாய் சலித்து எழுந்துவிடும். முடிவில் ‘போ’ என்றோ ‘ஓகே’ என்றோ விடுவிக்கும் சொல் ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் எப்போது எழுவது என்பதை நாயே முடிவுசெய்யும்.

அடுத்து நீங்கள் கதவை நோக்கி ஓரடி வைத்துத் திரும்புவது, கைப்பிடியைத் தொடுவது, தாழ்ப்பாளை நகர்த்துவது, ஒரு சாண் திறந்து மூடுவது, வெளியே ஆளில்லாமல் முழுதாகத் திறப்பது. ஐந்தில் நான்கு முறை நாய் படுத்தே இருந்தால் அடுத்த படி. ஐந்தில் இரண்டு முறை எழுந்தால் ஒரு படி கீழே. நேரம், தூரம், சத்தம் மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பயிற்சி உடைவது இங்கேதான்: நேற்று அமைதியான ஹாலில் 20 விநாடி இருந்ததே என்று, இன்று நேரே நிஜ டெலிவரிக்குப் போய்விடுகிறார்கள்.

பெல் சத்தத்தைத் தனியாகப் பழக்க வேண்டும். பழைய பெல்லுக்கும் தாவலுக்கும் மாதக்கணக்கில் முடிச்சு விழுந்திருக்கும். அதை அவிழ்ப்பதைவிட, ஓசையை மாற்றிக்கொள்ளும் வயர்லெஸ் பெல் ஒன்றை மாட்டி, ‘இந்த ஓசை என்றால் பாய்’ என்று புதிதாகத் தொடங்குவது எளிது. அதே ஓசையை போனில் பதிந்து, குறைந்த ஒலியில், பக்கத்து அறையிலிருந்து ஒலிக்கவிட்டு, நாய் பாய்க்குப் போனதும் மூன்று துண்டு. நாளுக்கு நாள் ஒலியைக் கூட்டலாம். ஆனால் கேட்டுக்கு ஆள் வந்ததும் வீட்டுக்குத் தெரிவிக்கும் மைகேட் போன்ற செயலி இருக்கும் அடுக்ககங்களில் நாய்க்கு உண்மையான காலிங் பெல், செக்யூரிட்டி கேட்டிலிருந்து வரும் போன் ஒலிதான். ஒருவர் மாடியேறி வருமுன் இரண்டொரு நிமிடம் அவகாசம் தரும் ஒலி அது. அதற்கே நாயைப் பாய்க்கு அனுப்பப் பழக்கினால், கதவு தட்டப்படும்போது அது ஏற்கெனவே படுத்திருக்கும்.

நாளுக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு 3 முதல் 5 நிமிடம் என்று நடத்தினால் மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். தினமும் ஒரே நேரத்துக்கு வரும் வேலைக்கார அக்கா, அவருக்கு நாயிடம் பயமில்லை என்றால், கிடைப்பதற்கு அரிய பயிற்சித் துணை. இரண்டு முறை வெளியே போய் மறுபடி பெல் அடிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது வருகையில் உற்சாகம் பாதியாகியிருக்கும். அவர் நேரத்துக்குத் தனியாகப் பணம் கொடுத்துவிடுவது முறை.

தடுப்பும் கயிறும்

இதைப் பயிற்சி என்றே சொல்ல முடியாது. நாய் இதிலிருந்து எதையும் கற்பதில்லை. ஆனாலும் இன்றைக்கே பலன் தரும். பாய்ப் பயிற்சி நடக்கும் வாரங்களில் ஒவ்வொரு வெற்றிகரமான தாவலும் பழைய பழக்கத்துக்கு ஊட்டம். அதை அடைத்துவைப்பதுதான் தடுப்பின் வேலை.

சமையலறை வாயிலில் 75 முதல் 90 செ.மீ. உயர பேபி கேட் (குழந்தைகளுக்கான தடுப்புக் கதவு) பொருத்தலாம். துள்ளும் இளம் லேப்ரடார் இதையும் தாண்டக்கூடும். வாசலில் வெளிப்புறக் கிரில் கதவு இருந்தால் இன்னும் நல்லது. தாழ்வாரத்துக்கு ஓடி லிஃப்ட்டுக்குள் நுழைந்துவிடும் ஆபத்தையும் அது தடுக்கும். கயிறு என்றால் 5 அடி லீஷ், கழுத்துப்பட்டையில் மாட்டாமல் ஹார்னஸில், அதாவது மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையில். பாய்ந்து இழுக்கும்போது கழுத்துப்பட்டை மூச்சுக்குழாயை நெரிக்கும். கையில் இழுத்துப் பிடிப்பதைவிடக் காலால் மிதித்துக்கொள்வது மேல்: நாய் இயல்பாக நிற்கும்போது ஹார்னஸிலிருந்து தரை வரை கயிறு நான்கு விரல் தொய்ந்திருக்கும் இடத்தில் மிதியுங்கள். நிற்கலாம், உட்காரலாம், தாவ மட்டும் முடியாது.

கட்டிப்போட்டுவிட்டு மறந்துபோவதில்தான் கெடுதி. எட்டாத விருந்தாளியைப் பார்த்து இழுத்து இழுத்து, ஆசை எரிச்சலாகி, எரிச்சல் குரைப்பாகும். தடுப்புக்குப் பின்னால் நாய்க்கு வேலை கொடுங்கள்: உள்ளே தயிர்ச்சாதம் அடைத்து உறையவைத்த ரப்பர் பொம்மை 15 நிமிடம் தாக்குப்பிடிக்கும். தாளிக்காதது, உப்பில்லாதது, முக்கியமாகத் திராட்சை போடாதது. திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் மூன்றும் நாய்க்கு நஞ்சு. விருந்தாளி பாசத்தோடு நீட்டும், உலர்திராட்சை போட்ட பாயசக் கரண்டியும் இதில் சேரும்.

தரையில் இரைப்பது

கதவு திறக்கும்போது எட்டுப் பத்துத் துண்டு உணவை உள்பக்கமாகத் தரையில் விசிறுவது. மூக்கு கீழே இருக்கையில் முன்னங்கால் மேலே வராது. 20 விநாடி கிடைக்கும். டெலிவரிக்கு அது தாராளம். சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும், சிறு பிள்ளைகூடச் செய்யலாம். இரண்டு நாய் உள்ள வீட்டில் மட்டும் வேண்டாம், சண்டை வரும். தாவிய பிறகு இரைத்தால் தாவலுக்குப் பரிசாகிவிடும். கைப்பிடியைத் திருப்பும் முன்பே இரைக்க வேண்டும்.

முழங்காலால் நெஞ்சில் இடிப்பது, பின்னங்காலை மிதிப்பது, சோக் செயின் (இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி), ஷாக் காலர் (மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை) இவற்றை நான் ஒப்பீட்டுக்கே எடுக்கவில்லை. வலி வரும் நொடியில் நாயின் கண் விருந்தாளி மேல் இருக்கிறது. ஆள் வந்தால் வலி வரும் என்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அன்பாகத் தாவிய நாய் உறுமும் நாயாக மாறும் வழிகளில் இதுவும் ஒன்று. வேல்ஸ் நாடு 2010இலேயே ஷாக் காலரைத் தடைசெய்தது. விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கழகம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, எல்லா நாய்ப் பயிற்சிக்கும் பரிசு வழி முறைகளையே பரிந்துரைத்தது.

யாருக்கு எது

டெலிவரிக்கு இரைப்பதும் பாய்ப் பயிற்சியும். பயிற்சி வாரங்களில் ‘பெல் அடிக்க வேண்டாம், வாசலில் வைக்கவும்’ என்று செயலியில் எழுதிவிட்டால் பாதிச் சோதனை குறையும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தடுப்பு மட்டும். கீச்சுக்குரலும் ஓட்டமும் நாயை முறுக்கேற்றும். நாய் தெரிந்த நண்பருக்கு ‘சிட்’.

பாட்டிக்கு இவற்றில் பலவற்றைக் கோக்க வேண்டும். வண்டி வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு நாயை 20 நிமிடம் மோப்பம் பிடிக்கவிட்டு மெதுவாக நடத்துங்கள். பந்து விளையாட்டு வேண்டாம், அது சூட்டைக் கிளப்பும். சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும், உற்சாகத்தில் ஒழுகவிடும் குட்டிக்கு இது அவசியம்; ஒழுகினாலும் திட்டக் கூடாது, திட்டினால் கூடும். பாட்டி உள்ளே வரும்போது நாய் தடுப்புக்குப் பின்னால் பொம்மையோடு. அவர் செருப்பைக் கழற்றி, சோபாவில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து முடித்த பத்து நிமிடத்துக்குப் பிறகு, கயிற்றோடு நாயைப் பாய்க்குக் கொண்டுவாருங்கள். அங்கே ஒரு நிமிடம் படுத்திருந்தால், கயிறு தளர்ந்த நிலையில் புடவை ஓரத்தை மூன்று விநாடி முகரவிட்டு, பெயர் சொல்லித் திரும்பக் கூப்பிட்டு, பாயில் ஒரு துண்டு. இப்படி மூன்று முறை. மூன்றாவது முறை நீங்கள் கூப்பிடும் முன்பே நாய் தலையைத் திருப்பினால் கயிற்றைத் தரையில் விடலாம். கழற்றுவதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.